குற்ற நாவலை ஹாலிவுட் திரைக்கதையாக்குவது எப்படி: முதன்முறை எழுதுபவருக்கு

குற்ற நாவலைத் திரைக்கதையாக்குவது மற்ற நாவல்களைவிடச் சுலபம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொலை இருக்கிறது, துப்பறிபவர் இருக்கிறார், கடைசியில் குட்டு வெளிப்படுகிறது. காட்சி காட்சியாகப் பிரித்துத் தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் முப்பது பக்கம் எழுதிப் பார்த்தால் அந்த நம்பிக்கை கரைந்துவிடும். நாவலில் விறுவிறுவென்று ஓடிய அத்தியாயம், தாளில் இரண்டு பேர் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பதாக நிற்கும்.

குற்றக் கதையில் சம்பவங்கள் இரண்டாம் பட்சம்தான். யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. நாவலாசிரியர் அந்தத் தகவலை வாக்கியத்துக்குள் ஒளித்துவைப்பார். நீங்கள் அதைக் கண்ணுக்கும் காதுக்கும் மாற்ற வேண்டும். கீழே வரும் வேலைகள் எல்லாமே கிட்டத்தட்ட இதைச் சுற்றித்தான்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்'. 1930இல் புத்தகமாக வந்தது, கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். வார்னர் பிரதர்ஸ் இதை மூன்று முறை படமாக்கியது: 1931, 1936, 1941. ஜான் ஹ்யூஸ்டன் எழுதி, முதன்முதலாக இயக்கிய 1941 படம்தான் நிலைத்தது. நாவலின் முடிவு, படத்தின் முடிவு இரண்டையும் இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். வேறு இரண்டு படங்களின் ரகசியங்களும் வெளிவரும். படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிடுங்கள். இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான்.

முதல் வேலை: உரிமை

பிடித்த நாவலை எடுத்து எழுத ஆரம்பிப்பதற்கு முன், அதன் திரைப்பட உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதினால், பெரும்பாலும் எழுத்தாளரின் ஏஜென்ட் யார் என்று சொல்வார்கள். ஹாலிவுட்டில் உரிமையை நேரே முழு விலைக்கு வாங்குவது குறைவு. 'ஆப்ஷன்' எடுப்பார்கள்: ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடத்துக்கு இந்த நாவலை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று சிறு தொகை கொடுத்துக் கட்டிவைப்பது. பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது பேச்சுவழக்கில் உள்ள கணக்கு, நடைமுறையில் கூடும் குறையும். கெடு முடிவதற்குள் முழு விலையைக் கொடுக்காவிட்டால் உரிமை எழுத்தாளரிடமே திரும்பிவிடும். ஆப்ஷன் இல்லாமல் எழுதிய திரைக்கதையை விற்க முடியாது, எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஒப்பந்தத்தில் பாத்திரங்களின் உரிமை பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். ஹாமெட் 1930இல் ஃபால்கனின் உரிமையை வார்னருக்கு 8,500 டாலருக்கு விற்றார். பிறகு அதன் துப்பறிபவரான சாம் ஸ்பேடை வைத்து வேறு கதைகள் எழுதினார், வானொலித் தொடருக்கும் அனுமதி கொடுத்தார். வார்னர் வழக்குப் போட்டது. பாத்திரத்தைத் திரும்பப் பயன்படுத்தும் உரிமையை ஹாமெட் விற்றுவிடவில்லை என்று 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு ஸ்டூடியோ வக்கீல்கள் பாத்திரம், தொடர்ச்சி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

கையில் காசில்லையா? பதிப்புரிமை முடிந்த நாவலை எடுங்கள். நம்மூர் நாட்டுடைமை போல அரசு பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு அல்ல இது, காலம் முடிந்தால் தானாகவே விடுபடுவது. அமெரிக்காவில் அந்தக் காலத்து நூல்களுக்குக் கணக்கு 95 ஆண்டுகள் என்பதால், ஃபால்கன் நாவல் 2026 ஜனவரி 1 அன்று அங்கே விடுபட்டுவிட்டது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள். ஹாமெட் 1961இல் இறந்தவர், ஆகவே இங்கே அதற்கு முன்பே முடிந்தது. ஐரோப்பாவில் பல நாடுகளில் 70 ஆண்டுகள், அங்கே என்ன நிலை என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. நாவல்தான் விடுபட்டிருக்கிறது, 1941 படம் விடுபடவில்லை. படத்துக்காக ஹ்யூஸ்டன் சேர்த்த எதையும், புகழ்பெற்ற கடைசி வசனம் உட்பட, தொடக் கூடாது. ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். நாவலிலிருந்து உங்கள் வரைவை முடியுங்கள், அப்புறம் படத்தைப் பாருங்கள்.

படிப்பது

முதல் தடவை சும்மா படியுங்கள், பேனா வேண்டாம். எங்கே கீழே வைக்க முடியவில்லை, எங்கே டீ குடிக்க எழுந்தீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இரண்டாம் தடவை ஒரு நோட்டில் கோடு கிழித்து நான்கு பத்தி போடுங்கள். என்ன நடக்கிறது. அதைச் செய்பவருக்கு என்ன தெரியும். துப்பறிபவருக்கு என்ன தெரியும். வாசகருக்கு என்ன தெரியும். முதல் பத்தியை மட்டும் எழுதிக் காட்சிப் பட்டியல் தயாரித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அது வெறும் கதைச்சுருக்கம். மற்ற மூன்று பத்திகளில்தான் சஸ்பென்ஸ் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். எந்த வரியில் மூன்றும் மாறாமல் இருக்கின்றனவோ, அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பின்னால் வெட்டும்போது கத்தி முதலில் அங்கேதான் போகும்.

ஃபால்கனில் இந்தப் பட்டியல் போட்டால் ஒன்று சட்டென்று தெரியும்: வாசகருக்குத் தெரிவதும் ஸ்பேடுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. நாம் முழு நாவலிலும் ஸ்பேடை விட்டு நகர்வதில்லை, ஆனால் அவர் மண்டைக்குள் ஒருமுறைகூடப் போவதில்லை. அவர் என்ன பார்த்தார், என்ன செய்தார், என்ன சொன்னார் என்பது மட்டும்தான். என்ன நினைத்தார் என்பது கடைசி வரை வராது. திரைக்கதை பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாவல் கிடைக்காது என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான். ஹ்யூஸ்டன் நாவலைத் தன் செக்ரட்டரியிடம் கொடுத்து, வசனத்தோடு காட்சி காட்சியாகப் பிரித்துத் தட்டச் சொன்னார், அதைப் பார்த்தே ஸ்டூடியோ முதலாளி சரி சொல்லிவிட்டார் என்று ஹாலிவுட்டில் ஒரு கதை வழங்குகிறது. எவ்வளவு உண்மையோ, நாவலைப் படித்தால் நம்பத் தோன்றும்.

ஒரு காட்சியைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கம். ஸ்பேடின் கூட்டாளி ஆர்ச்சர் சுடப்பட்ட செய்தி நள்ளிரவில் வருகிறது. ஹாமெட் எழுதியதில் உள்ளவற்றை மட்டும் வைத்துத் திரைக்கதை வடிவில் போட்டால் இப்படி இருக்கும்:

உள்ளே. ஸ்பேடின் அறை – இரவு

இருட்டு. தொலைபேசி மணி. மூன்று முறை அடித்து ஓய்கிறது. கட்டில் ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. மரத்தின் மேல் விரல்கள் தடவும் ஓசை. கெட்டியான சின்னப் பொருள் ஒன்று கம்பளத்தில் விழுகிறது.

ஸ்பேட் (குரல் மட்டும்): ஹலோ... ஆமா, நான்தான்... செத்துட்டானா?... சரி... பதினஞ்சு நிமிஷம். தேங்க்ஸ்.

விளக்கு எரிகிறது. ஸ்பேட் கட்டில் ஓரத்தில், வெறுங்காலோடு, தொலைபேசியை முறைத்துக்கொண்டு. கை தன்பாட்டுக்குப் புகையிலைப் பையை எடுக்கிறது. திறந்த ஜன்னல் வழியாக மூடுபனிச் சங்கின் முனகல். அலாரம் கடிகாரத்தில் மணி 2:05.

அதன் பின் நாவலில் ஒரு நீண்ட பத்தி முழுக்க அவர் சிகரெட் சுற்றுகிறார். புகையிலையைத் தாளில் பரப்புவது, கட்டைவிரலால் உருட்டுவது, விளிம்பை நாக்கில் நனைப்பது. வருத்தம், அதிர்ச்சி என்று ஒரு சொல்லும் கிடையாது. கூட்டாளி செத்திருக்கிறான், இவர் சிகரெட்டை அவ்வளவு கவனமாகச் சுற்றுகிறார். வருத்தமா, யோசனையா, கல்நெஞ்சா? அந்தச் சந்தேகம்தான் ஸ்பேட். புதிதாக எழுதுகிறவர் இங்கே 'அவர் முகத்தில் துயரம் படர்கிறது' என்று எழுதி அதைக் கெடுத்துவிடுவார். எழுதாதீர்கள். சிகரெட்டை எழுதுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். யார் செத்தது என்று இந்த இடத்தில் வாசகருக்குத் தெரியாது. 1941 படம் இதற்கு முன்னால் ஒரு சின்னக் காட்சியைச் சேர்த்தது: ஆர்ச்சர் தெருவில் நிற்கிறார், எதிரே வருபவரைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார், சிரிப்பு மாறுகிறது, துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரிகிறது. சுடப்படுகிறார். இந்தச் சில நொடிகளால் பின்னால் வரும் தொலைபேசிக் காட்சியே வேறாகிவிட்டது. இப்போது பார்வையாளருக்குச் செத்தது யாரென்று தெரியும். இவர் எப்படித் தாங்கப்போகிறார் என்றுதான் காத்திருப்பார்.

அதோடு நிற்கவில்லை. நாவலின் கடைசியில் ஸ்பேட் வாதம் செய்கிறார்: ஆர்ச்சர் அனுபவசாலி, தான் பின்தொடரும் ஆளோடு இருட்டுச் சந்துக்குள் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை இடுப்பில் வைத்தபடியே போயிருக்க மாட்டார். நம்பிய ஒருத்தியோடுதான் போயிருப்பார். அந்த முழு வாதத்தையும் படம் ஒரு சிரிப்பில் முன்கூட்டியே காட்டிவிட்டது, நாம் கவனிக்காத மாதிரி. தடயத்தைப் பேச்சிலிருந்து பார்வைக்கு மாற்றுவது என்பது இதுதான். அந்தக் காட்சி படத்தின் சொத்து, நீங்கள் அதை எடுக்க முடியாது. உங்கள் நாவலில் துப்பறிபவர் கடைசியில் அடுக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும், முன்னால் எந்தக் காட்சியில் அது கண்ணில் பட்டும் படாமலும் போகலாம் என்று தேடுங்கள். இந்த ஒரு பயிற்சிக்கே ஒரு வாரம் செலவழிக்கலாம், தப்பில்லை.

வெட்டுவது

திரைக்கதை சுமார் 110 பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது தொழில்வழக்கு. நாவலில் பாதிக்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும்.

ஃபால்கனில் ஃபிளிட்கிராஃப்ட் என்றொரு குட்டிக்கதை வரும். தலைக்கு மிக அருகே உத்தரம் விழுந்து உயிர் தப்பிய ஒருவன், அன்றே குடும்பத்தை விட்டுப் போய்விடுகிறான். பல வருடம் கழித்து ஸ்பேட் கண்டுபிடிக்கும்போது, வேறு ஊரில் அதே மாதிரி ஒரு குடும்பம், அதே மாதிரி ஒரு வாழ்க்கை. நாவலை நேசிப்பவர்களில் பலர் இதுதான் அதன் உயிர்நாடி என்பார்கள், எனக்கும் அப்படித்தான். ஹ்யூஸ்டன் படத்தில் அது இல்லை. படம் நொண்டவும் இல்லை. ஏனென்றால் அந்தக் கதையால் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிவதில்லை. ஸ்பேட் எப்படிப்பட்டவர் என்பதை வேறு காட்சிகள் சொல்லிவிடுகின்றன. நாவலின் வில்லன் கட்மனின் மகளையும் ஹ்யூஸ்டன் தூக்கிவிட்டார்.

பெரிய நாவல் என்றால் வெட்டுவது மட்டும் போதாது, மறுபடி கட்ட வேண்டும். ஜேம்ஸ் எல்ராயின் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' (1990) ஐம்பதுகளின் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் பல வருடங்களுக்கு ஓடும் கதை, கிளைக்கதைகள் ஏராளம். கர்ட்டிஸ் ஹான்சனும் பிரையன் ஹெல்கலண்டும் 1997 படத்துக்கு அதைத் திரைக்கதையாக்கியபோது எக்ஸ்லி, வைட், வின்சென்ஸ் என்ற மூன்று போலீஸ்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மூவரோடு சேராதது வெளியே போயிற்று, காலமும் சுருங்கியது. நாவலில் எக்ஸ்லியின் அப்பா உயிரோடு இருக்கும் பெரிய காண்ட்ராக்டர். படத்தில் அவர் பெயர் தெரியாத ஒரு திருடனால் கொல்லப்பட்ட போலீஸ்காரர். அந்தப் பெயர் தெரியாதவனுக்கு எக்ஸ்லி தானே ஒரு பெயர் வைத்திருக்கிறார்: ரோலோ டோமாசி. நாவலில் இந்தப் பெயரே கிடையாது.

அதை வின்சென்ஸிடம் மட்டும் சொல்கிறார். வின்சென்ஸ் தன்னைச் சுட்ட மேலதிகாரி முன்னால் அந்தப் பெயரை உச்சரித்துவிட்டுச் சாகிறார். மேலதிகாரி எக்ஸ்லியிடம் வந்து, வழக்கு விஷயமாக விசாரிப்பது போல, 'ரோலோ டோமாசி யார், தெரியுமா?' என்கிறார். முடிந்தது. பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை ஒரு பெயர் செய்துவிட்டது, ஏனென்றால் அது யார் யாருக்குத் தெரியும் என்பதைப் பார்வையாளர் சரியாக எண்ணி வைத்திருக்கிறார். தழுவிய திரைக்கதைக்கான ஆஸ்கர் அவர்களுக்குக் கிடைத்தது. நோட்டில் நான்கு பத்தி போடச் சொன்னேனே, அதன் பலன் இந்த மாதிரி இடங்களில்தான்.

'நான்' என்று சொல்லும் நாவல்கள்

ஃபால்கன் மாதிரி வெளியே நின்று எழுதியவை குறைவு. குற்ற நாவல்களில் பல, துப்பறிபவரோ குற்றவாளியோ தன் வாயால் சொல்வது. அந்தக் குரலின் ருசிக்காகத்தான் நாம் படிக்கிறோம். அதை அப்படியே பின்னணிக் குரலாக ஓடவிட்டால், திரையில் தெரிவதையே காதிலும் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜேம்ஸ் எம். கெய்னின் 'டபுள் இன்டெம்னிட்டி'யை பில்லி வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் திரைக்கதையாக்கிய விதம் (1944) பாடமாக வைக்கத் தகுந்தது. அவர்கள் குரலுக்கு ஒரு காரணமும் ஒரு கருவியும் கொடுத்தார்கள். குண்டடிபட்ட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இரவில் ஆபீஸுக்கு வந்து, டிக்டஃபோனில் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவு மேலாளருக்கு வாக்குமூலம் பதிவுசெய்கிறார். கொன்றது நான்தான், பணத்துக்காக, ஒரு பெண்ணுக்காக என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். யார் கொன்றது என்ற கேள்வி போய்விட்டது, எப்படி மாட்டப்போகிறார் என்பது மட்டும் மிச்சம். குரல் வரும்போதெல்லாம் நமக்குத் தெரிந்ததற்கும் அந்தக் காட்சியில் அவருக்குத் தெரியாததற்கும் நடுவே உள்ள இடைவெளியில் படம் ஓடுகிறது. உங்கள் நாவலில் குரலை வைக்க நினைத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரிடம் சொல்கிறார், ஏன் இப்போது? பதில் இல்லையென்றால் குரல் வேண்டாம்.

வசனத்துக்கும் அதே படம்தான் உதாரணம். கெய்னின் வசனம் படிக்க அற்புதம், அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது வைல்டரின் எண்ணம். சாண்ட்லர் ஒப்பவில்லை. நடிகர்களை வரவழைத்து வாய்விட்டுப் படிக்கவைத்தார்கள், எடுபடவில்லை. கண்ணுக்காக எழுதியது அது. நீங்களும் நாவலிலிருந்து எடுத்த ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு நண்பர்களை வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் உடையுங்கள். ஹாமெட்டின் வசனம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், அது விதிவிலக்கு.

முடிவு

நாவலில் ஸ்பேட், உதவி கேட்டு வந்து ஆர்ச்சரைக் கொன்ற பிரிஜிடைப் போலீஸில் ஒப்படைத்த பிறகு இன்னொரு சின்னக் காட்சி உண்டு. மறுநாள் ஆபீஸில், அவருடைய செக்ரட்டரி எஃபி அவர் தொடுவதையே வெறுத்து விலகுகிறாள். வாசலில் ஆர்ச்சரின் மனைவி நிற்கிறாள், ஸ்பேட் முன்பு உறவு வைத்திருந்த பெண். கசந்து, நடுங்கி முடியும் கதை. படம் அதைத் தொடவில்லை. பிரிஜிட் லிஃப்ட்டில் இறங்குவதோடு முடிகிறது. இரண்டில் எது மேல் என்றால் எனக்கு நாவல்தான். ஆனால் படத்தில் கேள்வி பிரிஜிடை விடுவாரா மாட்டாரா என்று நின்றுவிட்டதால், லிஃப்ட் கதவு மூடிய பிறகு பார்வையாளர் காத்திருக்க ஒன்றுமில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த காட்சிதான் கடைசிக் காட்சி. நாவலின் முடிவை வைக்க வேண்டுமானால் எஃபிக்கு முன்னாலிருந்தே இடம் கொடுத்து, அவளுடைய நம்பிக்கையையும் ஒரு கேள்வியாக்க வேண்டும். செய்து பாருங்கள், நல்ல சவால்.

அந்தக் காலத்தில் தணிக்கை விதிகளும் கையைக் கட்டின. ஆயிரம் டாலர் நோட்டு காணாமல் போனதும் ஸ்பேட் பிரிஜிடை உடை களையச் சொல்லிச் சோதிக்கும் காட்சி நாவலில் உண்டு, 1941 படத்தில் வராது. இன்று அந்தத் தடை இல்லை. வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அவள் என்ன உணர்கிறாள் என்பதையும் எழுத முடிந்தால் மட்டும் வையுங்கள்.

தாளில்

கூரியர் எழுத்துரு, 12 புள்ளி, இடது ஓரம் ஒன்றரை அங்குலம். ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பு: உள்ளேயா வெளியேயா, இடம், பகலா இரவா. விவரணை நிகழ்காலத்தில், மூன்று நான்கு வரிக்கு மேல் போகாமல். காட்சி எண்கள் போட வேண்டாம், அது படப்பிடிப்புப் பிரதிக்கு. கேமரா இங்கே நகர்கிறது, இங்கே குளோசப் என்றெல்லாம் எழுதாதீர்கள், இயக்குநருக்குக் கோபம் வரும். ஃபைனல் டிராஃப்ட் என்ற திரைக்கதை மென்பொருள் காசு கொடுத்து வாங்குவது. ரைட்டர்டூயட் போன்றவற்றின் இலவசப் பதிப்பே முதல் வரைவுக்குத் தாராளம்.

முதல் பக்கத்தில் தலைப்பு, உங்கள் பெயர், அதன் கீழ் எந்த நாவலைத் தழுவியது, ஆசிரியர் யார் என்பது. தழுவலுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வழக்கில் 'எழுத்து' என்று வராது, 'திரைக்கதை' என்றுதான் வரும். இருவர் சேர்ந்து எழுதினால் பெயர்களுக்கு நடுவே '&' குறி. 'அண்ட்' என்று எழுத்தில் போட்டால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தனியே திருத்தி எழுதினார் என்று பொருள். படத் தலைப்புகளில் இனி இதைக் கவனித்தால் யாரோடு யார் உட்கார்ந்து எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும்.

அனுப்புவதைப் பற்றி. கேட்காமல் வரும் திரைக்கதைகளை ஸ்டூடியோக்கள் பிரிப்பதே இல்லை, வழக்குக்குப் பயந்து. ஏஜென்ட் அல்லது மேனேஜர் வழியாகப் போக வேண்டும். போட்டிகளில் தழுவல்களை ஏற்காதவை நிறைய, கட்டணம் கட்டுமுன் விதிகளைப் படியுங்கள். பதிப்புரிமை முடிந்த நாவலின் தழுவலைக்கூடச் சில போட்டிகள் திருப்பி அனுப்பிவிடும். அனுப்புவதற்கு முன் திரைக்கதையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதிவு செய்துவிடலாம், சென்னையிலிருந்தும் முடியும். விண்ணப்பத்தில் எது பழைய நாவலுடையது, எது நீங்கள் புதிதாகச் சேர்த்தது என்று தனித்தனியே கேட்கும் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பும்போது உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.